‘ஏனுங்’ சரியாகத் தெரிகிறதா? சொந்தச் செலவில் நாவல் போடுகிறவர்களுக்கு ஃபாண்ட் தேர்வு

கோபியில் டிடிபி கடை வைத்து 23 வருடம் ஆகிறது. ஆடி பிறந்தால் முகூர்த்தம் கிடையாது, கல்யாணப் பத்திரிகை வேலை நின்றுவிடும். நாவல் எழுதியவர்கள் அப்போதுதான் வருவார்கள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா. அதற்குள் புத்தகம் கையில் இருக்க வேண்டும் என்பார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார், மின்வாரியத்தில் இருந்தவர், மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவர், போன வருடம் ஒரு நர்ஸ். பென் டிரைவை மேசைமேல் வைத்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “நல்ல ஃபாண்டா ஒண்ணு பாத்துப் போட்டுக் குடுங், அம்மிணி.”

திரையைப் பார்த்து நல்ல ஃபாண்ட் எது என்று சொல்ல எனக்குத் தெரியாது. நாவலிலிருந்தே ஒரு பக்கத்தை எடுத்து, அச்சாகப்போகிற தாளில் அச்சடித்து, பொழுது சாய்ந்த பிறகு டியூப் லைட் வெளிச்சத்தில் படித்துப் பார்க்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒருவருடைய புத்தகம் தேவைப்பட்டது. நான் லேஅவுட் செய்த முதல் நாவல் அது. அதுவரை காதுகுத்து, கிரகப்பிரவேசம், கல்யாணம் என்று பத்திரிகைதான் செய்துகொண்டிருந்தேன். அதே கையோடு, வளைவும் சுழிப்புமாக இருந்த ஒரு பத்திரிகை ஃபாண்டை உள்பக்கம் முழுக்கப் போட்டேன். எழுதியவருக்கும் பிடித்திருந்தது. புத்தகம் வந்து பத்து நாள் கழித்து அவர் வீட்டம்மா கடைக்கு வந்தார். “எட்டுப் பக்கம் படிச்சனுங். யாரோ கல்யாணத்துக்குக் கூப்புடற மாதிரியே இருந்துச்சு, கதைக்குள்ள போக முடியலீங்” என்றார். பத்திரிகையில் இருப்பது நாற்பது ஐம்பது வார்த்தை, பார்த்ததும் கண்ணைப் பிடிக்க வேண்டும். நாவலில் ஐம்பதாயிரம் வார்த்தை. அங்கே ஃபாண்ட் கண்ணில் படவே கூடாது.

முதல் வேலை: எழுத்து எந்த முறையில் இருக்கிறது?

ஃபாண்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் கோப்பு யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையில், இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஆட்கள் பலர் இன்னும் பாமினி மாதிரியான ஃபாண்டுகளில்தான் தட்டச்சு செய்து கொண்டுவருகிறார்கள். திரையில் தமிழாகத் தெரியும், ஆனால் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும்தான். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி என்பது அரைப்புள்ளிச் சாவி. ஃபாண்டை மாற்றினால் பக்கம் முழுக்கக் கோழி கிளறிய குப்பை மாதிரி ஆகிவிடும். ஆகவே அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு ஃபாண்ட் தேடினால், அதே குடும்பத்துப் பழைய ஃபாண்டுகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எழுத்து முறையை மாற்றித் தரும் ‘மாற்றி’ மென்பொருளில் போட்டு யூனிகோடு ஆக்கிக்கொள்ளுங்கள். மாற்றியபின் ஒருமுறை முழுக்கப் படிக்கத்தான் வேண்டும், குறுக்குவழி கிடையாது. இடையில் ஆங்கிலத்தில் அடித்த சொற்களும் சேர்ந்து ‘தமிழாகி’ உளறிக்கொண்டிருக்கும். நேரடியாக யூனிகோடில் அடித்தவர்களும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஔவை என்பதை ‘ஒ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டு அடித்திருப்பார்கள். கால் போட வேண்டிய இடத்தில் ‘ர’ போட்டிருப்பார்கள். ஒரு ஃபாண்டில் கண்ணுக்கே தெரியாத இந்தப் பிழை, இன்னொரு ஃபாண்டுக்குப் போனதும் பல்லை இளிக்கும்.

லேஅவுட் செய்கிறவர் எந்த மென்பொருள் வைத்திருக்கிறார் என்றும் கேளுங்கள். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. இன்டிசைனுக்குத் தெரியும், ஆனால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ‘கெ’ இருக்க வேண்டிய இடத்தில் க வந்து, அதன் பின்னால் கொம்பு தனியாக நிற்பதைப் பார்த்து ஃபாண்டைத் திட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாவம், ஃபாண்ட் என்ன செய்யும்?

எந்தப் பக்கத்தை வைத்துச் சோதிப்பது?

முதல் பக்கத்தை எடுக்காதீர்கள். முதல் பக்கத்தில் பெரும்பாலும் வர்ணனைதான் இருக்கும்: பவானி ஆறு, வாழைத் தோப்பு, விடியற்காலைப் பனி. எந்த ஃபாண்டிலும் அது அழகாகத்தான் தெரியும். ஆட்கள் பேசிக்கொள்கிற பக்கத்தை எடுங்கள். நம் பக்கத்து ஆட்கள் பேசினால் என்ன வரும்? ‘ங்’ வரும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மற்ற ஊர்க்காரர் எழுத்தில் ‘ங்’ வந்தால் அடுத்தாற்போல் ‘க’ இருக்கும்: தங்கம், சங்கு, வாங்க. நம் பேச்சில் அது சொல்லின் கடைசியில் அம்போவென்று தனியாக நிற்கும்: ஏனுங், சரீங், இல்லீங், வர்றனுங். அதன் பக்கத்தில் ஒரு கமா, ஒரு கேள்விக்குறி, அல்லது மேற்கோள் குறி வரும். ஃபாண்ட் செய்தவர் இந்த நிலைமையை நினைத்துப் பார்த்திருப்பார் என்று சொல்ல முடியாது. பல ஃபாண்டுகளில் ங்-இன் புள்ளி வலப்பக்கம் தள்ளி இருக்கும், அடுத்து வரும் மூடும் மேற்கோள் குறி அந்தப் புள்ளியில் போய் இடிக்கும். தாளில் பார்த்தால் என்னமோ ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒரு பக்கத்தில் ஒருமுறை என்றால் விட்டுவிடலாம். பேச்சு நிறைந்த கொங்கு நாவலில் பக்கத்துக்கு இருபது ஈ.

அதனால் நான் வைத்திருக்கும் சோதனை வரி இது: “ஏனுங்?” “சரீங்.” “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்.” இந்த மூன்றையும் சின்ன அளவில் அச்சடித்து, ங்-இன் உள்ளே இருக்கும் வெள்ளை இடம் அடைபடாமல் இருக்கிறதா, புள்ளியும் மேற்கோள் குறியும் ஒன்றை ஒன்று தொடாமல் நிற்கின்றனவா என்று பார்ப்பேன். ஃபாண்ட் மற்றபடி பிடித்திருந்து இது மட்டும் இடித்தால், மூடும் குறிக்கு முன்னால் மெல்லிய இடைவெளி ஒன்றைத் தேடி-மாற்றும் வசதியில் ஒரேயடியாகப் போட்டுவிடலாம். அது ஐந்து நிமிட வேலை. ங் அடைபட்டுத் தெரிந்தால் ஃபாண்டை மாற்றுவதுதான் வழி.

அப்புறம் சில எழுத்துகள். ‘கௌரி’ என்று அடியுங்கள். பின்னால் வரும் குறி ‘ள’ எழுத்தைவிடச் சிறியதாகவோ வேறு மாதிரியாகவோ இருந்தால் நல்லது. அப்படியே ‘ள’வாக இருந்தால் வாசகர் ‘கெளரி’ என்றுதான் படிப்பார். ‘வாரார்’ அடித்துப் பாருங்கள், காலுக்கும் ர-வுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். கூ, ஞூ, ஜூ, ஷூ, ஸ்ரீ, க்ஷ, ஃ எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா? எண்களும் அதே ஃபாண்டில் வருகின்றனவா, அல்லது மென்பொருள் வேறொரு ஃபாண்டிலிருந்து கடன் வாங்கி ஒட்டவைத்திருக்கிறதா? ‘1965’ மட்டும் பக்கத்தில் துருத்திக்கொண்டு தெரிந்தால் கடன்தான். வளைந்த மேற்கோள் குறியும் மூன்று புள்ளியும் சில தமிழ் ஃபாண்டுகளில் கிடையாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவு, வரி இடைவெளி, தாள், பணம்

“11 பாயிண்ட் போடுங்க” என்று சொல்வதில் பாதி அர்த்தம்தான் இருக்கிறது. பாயிண்ட் என்பது எழுத்தின் உயரம் ஆகாது. ஈய அச்சுக் காலத்தில் எழுத்து உட்கார்ந்திருந்த கட்டையின் உயரம் அது. இன்றைக்குக் கட்டை இல்லை, கணக்கு மட்டும் இருக்கிறது. ஒரே 11 பாயிண்டில் ஒரு ஃபாண்ட் தாராளமாக இருக்கும், இன்னொன்று எறும்பு மாதிரி இருக்கும். நான் ஸ்கேல் வைத்து அளப்பேன். அச்சடித்த தாளில் ‘ப’ எழுத்தின் உயரம் 2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அந்த உயரம் எந்தப் பாயிண்டில் கிடைக்கிறதோ அதுதான் அந்த ஃபாண்டுக்கு அளவு. தமிழ் நாவலை வாங்கிப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு வெள்ளெழுத்து என்பதை மறக்காதீர்கள்.

வரி இடைவெளியில் கஞ்சத்தனம் பண்ணுகிறவர்கள்தான் அதிகம். தமிழில் மேலே புள்ளியும் ‘கி’, ‘கீ’யில் வரும் விசிறியும், கீழே ‘கூ’, ‘ழு’, ‘து’ போன்றவற்றின் வாலும் உண்டு. மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியைத் தொட்டால் படிக்கிறவருக்கு மூச்சு முட்டும். 11 பாயிண்ட் எழுத்துக்கு 15 அல்லது 16 பாயிண்ட் லெடிங், அதாவது வரி இடைவெளி, கொடுங்கள். மென்பொருள் தானாகக் கொடுப்பதை நம்பாதீர்கள்.

இப்போது கணக்கு. டெமி அளவு, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். 15 பாயிண்ட் லெடிங்கில் ஒரு பக்கத்துக்கு 32 வரி வரும். பேச்சும் பத்தி முடிவும் போக, பக்கத்துக்குச் சுமார் 180 வார்த்தை. ஐம்பதாயிரம் வார்த்தை நாவல் 278 பக்கம். முன்பக்கங்கள் எட்டைச் சேர்த்தால் 286. 16 பக்கம் ஒரு பாரம், ஆக 18 பாரத்தில் அடங்கிவிடும். இதே நாவலைப் பத்து சதவீதம் அகலமான ஃபாண்டில் போட்டால் 306, முன்பக்கத்தோடு 314, அதாவது 20 பாரம். ஃபாண்ட் மாறியதற்கு ஒவ்வொரு பிரதியிலும் இரண்டு பாரம் கூடுதல். ஃபாண்டை முடிவு செய்யாமல் அச்சகத்தில் விலை கேட்கப் போகாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அதற்காகக் குறுகலான ஃபாண்டைத் தேடிப் போவதும் வேண்டாம். பக்கத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஓர அளவில் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் தையல் பக்கத்து ஓரத்தில் கை வைக்காதீர்கள், புத்தகத்தைப் பிளந்து பிடித்துக்கொண்டு படிக்க வேண்டியிருக்கும்.

தாளுக்கு நமக்குப் பஞ்சமில்லை. ஈரோட்டில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையத்தில் காகித ஆலை, கரூர்ப் பக்கம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் ஆலை. நாவலுக்கு 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்துக்கான அளவு) நேச்சுரல் ஷேட் போதும். அந்தப் பழுப்புத் தாளில் ஒரு விஷயம்: மெல்லிய கோடுகள் மங்கிவிடும். பளிச்சென்ற வெள்ளை நகல் தாளில் சோதித்தபோது நன்றாக இருந்த ஃபாண்ட், நேச்சுரல் ஷேடில் கிழடு தட்டிப்போகும். மெல்லிய கோட்டுக்கும் தடித்த கோட்டுக்கும் வித்தியாசம் மிக அதிகமாக உள்ள ஃபாண்டுகளை இதனால் நான் உள்பக்கத்துக்கு எடுப்பதில்லை. ஒரே தடிமனாக, கம்பியை வளைத்த மாதிரி இருப்பதும் நாவலுக்குச் சரிப்படாது. செல்போன் திரைக்கு அது சரி, 300 பக்கம் படிக்கச் சலிப்புத் தட்டும். இரண்டுக்கும் நடுவில் தேடுங்கள். அச்சகத்தில் கேட்டால் அதே தாளில் பத்துப் பதினைந்து தாள் சும்மாவே கொடுப்பார்கள்.

சரி, எதைப் போடுவது?

விண்டோஸில் கூடவே வரும் லதாவும் நிர்மலாவும் திரைக்கு ஏற்றவை. கடிதம் எழுதலாம், கணக்கு எழுதலாம், நாவல் வேண்டாம். லதாவில் போட்ட நாவலைத் திறந்தால் எனக்கு ஏதோ அரசாணையைப் படிக்கிற நினைப்பு வந்துவிடுகிறது. இது என் கோணல் புத்தியாகவும் இருக்கலாம்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் நான் முதலில் சோதிப்பது நோட்டோ செரிஃப் தமிழ், டைரோ தமிழ் இரண்டையும்தான். நோட்டோவில் மெலிந்ததிலிருந்து கனத்தது வரை பல தடிமன்கள் உண்டு. தாள் பழுப்பாக இருந்தால் சாதாரணத்துக்கு ஒரு படி மேலே, மீடியத்தை எடுத்துக்கொள்ளலாம். இந்த வசதி நாவலுக்குப் பெரிய வசதி. டைரோ புத்தகத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கும், பக்கத்தைப் பார்த்தால் பழைய நல்ல பதிப்பின் சாயல். ஆனால் அதில் தடித்த எழுத்து கிடையாது, தலைப்புக்கு வேறு ஃபாண்ட் தேட வேண்டும். முக்தா மலர், கேட்டமரான் போன்றவை அத்தியாயத் தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நன்றாக ஒத்துப்போகும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் இலவச யூனிகோடு ஃபாண்டுகள் இருக்கின்றன, எடுத்துச் சோதித்துப் பாருங்கள். நோட்டோ, டைரோ, முக்தா மலர், கேட்டமரான் எல்லாம் திறந்த உரிமத்தில் வருபவை, புத்தகம் போட்டு விற்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கடைக்காரர் ‘சூப்பர் ஃபாண்ட் ஒண்ணு இருக்கு’ என்று எதையாவது எடுத்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எங்கள் தொழிலில் ஃபாண்ட் கைமாறுகிற விதம் அவ்வளவு சுத்தமில்லை.

இரண்டு ஃபாண்ட், ஒவ்வொன்றும் மூன்று அளவு, ஆக ஆறு மாதிரித் தாள். அதற்கு மேல் போட்டால் குழம்பிப்போவீர்கள். பின்பக்கத்தில் பென்சிலால் எண் மட்டும் போட்டு, வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கொடுங்கள். “எது நல்லா இருக்கு?” என்று கேட்டால் முதலில் கண்ணில் பட்டதைச் சொல்லிவிடுவார். கேட்காமல் படிக்கவிடுங்கள். எந்தத் தாளைப் படிக்கும்போது கையைத் தள்ளிப் பிடிக்கிறார், எங்கே விரலை வைத்து வரியைத் தேடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும். மண்டிக்காரருடைய நாவலுக்கு அவருடைய அப்புச்சிதான் (அம்மாவின் அப்பா) ஃபாண்ட் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்தது அவருக்கே தெரியாது.

1942-இல் நடக்கும் கதை எழுதிய வாத்தியார் ஒருவர், நாவல் முழுக்கப் பழைய எழுத்து வேண்டும் என்று நின்றார். யானைக் கொம்பு போட்ட ‘லை’, சுழித்த ‘னா’. நான் சொன்னேன்: “ஐயா, அதை மாத்தணும்னு நம்ம ஈரோட்டுப் பெரியார்தான் 1935-லயே குடி அரசுல ஆரம்பிச்சாரு. 1978-ல கவர்மெண்டே ஆணை போட்டுருச்சு. இப்ப நாப்பது வயசுல இருக்கறவங்க அந்த எழுத்தைப் படிச்சதே இல்லீங்.” கடைசியில் கதைக்குள் வரும் ஒரு கூட்ட நோட்டீஸை மட்டும் அவரே பழைய எழுத்தில் கையால் எழுதிக் கொடுத்தார், ஸ்கேன் செய்து படமாக வைத்தோம். புத்தகத்தில் பலரும் புரட்டி நின்று பார்க்கிற பக்கம் அதுதான்.

வரி உடைப்பு

தமிழ்ச் சொல் நீளமானது. ‘சொல்லிக்கொண்டிருந்தவர்களெல்லாம்’ என்று ஒன்று வந்தால் அரை வரியைத் தின்றுவிடும். இரண்டு ஓரமும் நேராக வர வேண்டுமென்று இழுத்தால் மேல்வரியில் சொற்களுக்கு நடுவே மாட்டுவண்டி போகிற இடைவெளி விழும். நம் பழைய அச்சுக்காரர்கள் இதற்குச் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோனார்கள், இணைப்புக்கோடு கூடப் போடாமல். நீங்களும் உடைக்கலாம். ஒரே விதி: புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது. ‘வந்தா’ மேலேயும் ‘ன்’ கீழேயும் நின்றால் அசிங்கம். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை இழுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், அது தமிழைப் பல் உதிர்ந்த மாதிரி ஆக்கும்.

சாய்வெழுத்து தமிழுக்குப் பழக்கமில்லாதது. மனசுக்குள் பேசுவதை எல்லாம் சாய்த்துப் போடுவது இப்போது வழக்கமாகிவருகிறது. பெரும்பாலான ஃபாண்டில் அது மென்பொருள் இழுத்துச் சாய்த்த போலிதான். ஒற்றை மேற்கோள் போதும். போலித் தடிமனும் அப்படியே, அச்சில் மை அப்பிவிடும்.

அட்டைத் தலைப்புக்கு இந்தச் சட்டம் எதுவும் கிடையாது. அங்கே சுழிப்பும் வளைவும் போட்டுக்கொள்ளுங்கள், பத்து அடி தள்ளி நின்று படிக்க முடிந்தால் சரி. மின்னூலுக்கு ஃபாண்ட் பற்றிக் கவலை வேண்டாம், பெரும்பாலும் படிக்கிறவருடைய கருவி தன்னிடம் இருப்பதைப் போட்டுக்கொள்ளும்.

அச்சுக்கு அனுப்பும் முன்

பிடிஎஃப் எடுத்ததும் அதன் பண்புகளில் ஃபாண்ட் பட்டியலைத் திறங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஃபாண்ட் உள்ளே பதிந்திருப்பதாக இருக்க வேண்டும். நான் ஒருமுறை பிடிஎஃப் எடுக்காமல் லேஅவுட் கோப்பையே அப்படியே அனுப்பினேன். என் ஃபாண்ட் அந்த அச்சகத்தில் இல்லை, அவர்கள் கணினி தன்னிடம் இருந்த வேறொன்றைப் போட்டுக்கொண்டது. யாரும் கவனிக்கவில்லை. வரிகள் நகர்ந்து, 112-ஆம் பக்கத்தில் செத்தவர் 111-ஆம் பக்கத்தின் கடைசி வரியிலேயே செத்துவிட்டார். அத்தியாயக் கடைசியில் ஒரு வரி மட்டும் தனியாக நின்ற பக்கங்கள் நாலு. தாள் செலவில் பாதியை நான் கொடுத்தேன்.

அதிலிருந்து, முழு எண்ணிக்கையும் ஓடுவதற்கு முன்னால் ஒரே ஒரு பிரதி அடித்து வாங்கிவிடுகிறேன். டிஜிட்டலில் அடிக்கிறவர்களுக்கு இது சுலபம். ஆஃப்செட் என்றால் டிஜிட்டலில் ஒன்று எடுத்துப் பாருங்கள், மையின் கனம் கொஞ்சம் மாறும், மற்றது எல்லாம் தெரிந்துவிடும். வந்ததும் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, யாராவது “சரீங்” என்று சொல்லும் இடத்தைத் தேடுங்கள். பேச்சு இருக்கிற பக்கமென்றால் அதிக நேரம் தேட வேண்டியிருக்காது.